பொய் சொல்லாதவரின் துவக்குக் கட்டை

குலசேகரத்துக்கு ஒரு வியாதி. ஆடுகிற சாமான் எதையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனாலும் சாமியைக் கும்பிடுவதற்கு முன் செருப்புத் தட்டின் கழன்ற ஆணியைக் கண்டுவிடுவார். முப்பது வருஷம் ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் வேலை செய்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள அவருடைய வீட்டில் ஒரு கதவோ கைபிடியோ நிம்மதியாக இருந்ததில்லை. "இந்த வீட்டிலை இனி ஆடுறதுக்கு என்ரை பல்லு மட்டும்தான் மிச்சம்" என்பாள் மனைவி நகுலேஸ்வரி.

இப்படிப்பட்ட மனிதரிடம் பக்கத்து வீட்டு டொரீன் தன் வீட்டுக் கதவுத் திறப்பைக் கொடுத்தது யாருடைய பிழை என்று நீங்களே சொல்லுங்கள். டொரீனுக்கு எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு மாற்றும் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு சில கிழமை மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. "பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்று குலா, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த 'அது போதும்' குலசேகரத்தின் காதில் ஏறவில்லை.

டொரீனின் முன்னறையில், கணப்படுப்புக்கு மேலே, ஒரு துவக்கு தொங்கியது. பயப்படவேண்டாம். நூறு வயது தாண்டிய பட்டாளத்துத் துவக்கு, டொரீனின் தகப்பன் விட்டுப்போனது. குழாயை அடைத்து, உள்ளுறுப்புகளை வெட்டி, இனி இது சுடாது என்று சான்றிதழும் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்ற வந்த குலசேகரம் ஒரு நாள் சும்மா அதன் சோங்கைத் தொட்டுப் பார்த்தார். சோங்கு என்றால் சுடுகிறவன் தோளில் முண்டு கொடுக்கும் அடிக்கட்டை. அது ஆடியது.

அவ்வளவுதான், கதை முடிந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் நீளமான ஸ்குரூட்ரைவரோடு திரும்பி வந்தார். சோங்கின் பின்பக்கத்தில் பித்தளையில் ஒரு குட்டிக் கதவு. அதைத் திறந்தால் ஆழத்தில் ஒரு போல்ட். சுலபமான வேலை என்று நினைத்து ஒரு முறுக்கு முறுக்கினார். 'சடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சோங்கு ஆடாமல் நின்றுவிட்டது. ஆனால் குழாயைத் தாங்கும் முன்கட்டை அடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து போனது. அந்தப் போல்டின் முனை முன்கட்டைக்குள் செருகி நிற்கும். முன்கட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போல்டில் கை வைக்கவேண்டும். ரயில் பெட்டியில் அப்படியொரு கள்ளத்தனம் கிடையாது, இவருக்கு எப்படித் தெரியும்?

துவக்கை ஒரு படுக்கைவிரிப்பில் சுற்றி, பின்வேலிக்கு மேலால் தூக்கித் தன் குசினிக்குக் கொண்டு வந்தார். நகுலேஸ்வரி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். விரிப்பை விலக்கிப் பார்த்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, உதென்ன கோதாரி? அங்கை துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன், இஞ்சை துவக்கைத் தூக்கிக்கொண்டு வேலி பாயுது!"

"சத்தம் போடாதையும். கட்டை வெடிச்சுப் போச்சு."

"அப்ப அந்த மனிசிக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொல்லுங்கோவன்."

"சொல்லேலாது, நகுலா."

ஏன் சொல்ல முடியாது என்று நகுலேஸ்வரிக்கும் தெரியும். தொண்ணூற்றொன்றில், இதே வீட்டில் ஒரு சின்ன அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, குரோய்டனில் அகதி விண்ணப்பம் போட்டிருந்த காலம். 'இவரைத் தெரிந்த வெள்ளைக்காரர் யாராவது எழுதித் தந்தால் நல்லது' என்று வக்கீல் சொன்னார். டொரீன் எழுதி, உறையை ஒட்டி, நேரே வக்கீலுக்கு அனுப்பிவிட்டார். கடிதத்தைக் குலசேகரம் கண்ணால் கண்டதில்லை. அதில் இருந்து ஒரே ஒரு வரியை மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னார்: 'இந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.' விசா கிடைத்தது. அந்த அறை இருந்த வீட்டையே பிறகு வாங்கினார், பிள்ளைகளைப் படிப்பித்தார். எல்லாம் அந்த ஒரு வரியின் புண்ணியம் என்றுதான் முப்பத்துமூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படி எழுதிய மனிசியின் முகத்தைப் பார்த்து, 'நீ தொடச் சொல்லாததைத் தொட்டு உடைத்துப்போட்டேன்' என்று எப்படிச் சொல்வது? கட்டையை மாற்றிவிட்டால் சொல்லவே தேவையில்லை என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. அதுவும் பொய்தானே என்று மறுபக்கம் கேட்டது. குலசேகரம் முதல் பக்கத்தின் பேச்சைக் கேட்டார்.

கட்டை தேடும் படலம் தொடங்கியது. சுடுகிற உறுப்புகளுக்குத்தான் சட்டமும் லைசென்சும், வெறும் மரத்துக்கு ஒன்றும் தேவையில்லை என்று கம்ப்யூட்டரில் வாசித்துத் தெரிந்துகொண்டார். ஆனாலும் 'துவக்கு' என்ற சொல்லை ஃபோனில் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குசுகுசுத்தார். முதல் கடைக்காரன் கேட்டான்: "முன்கட்டையைக் கழற்றாமல் போல்டை முறுக்கினாய், இல்லையா?" கட்டை அவனிடம் இல்லை. இரண்டாவது கடைக்காரனும் அதே கேள்வியைக் கேட்டான். அவனிடம் இருந்தது வேறொரு மாதிரித் துவக்கின் கட்டை, பொருந்தாது. மூன்றாவதாக டெரிக் என்று ஒரு கிழவர். அவர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டு, பிறகு அதே கேள்வியைக் கேட்டார். ஆனால் அவரிடம் கட்டை இருந்தது. வீடு குரோய்டனுக்கு அப்பால், ட்ராமில் போகவேண்டும்.

குரோய்டனைத் தொடாமல் போக வழி உண்டா என்று குலசேகரம் வரைபடத்தில் தேடினார், இல்லை. அகதி விண்ணப்பம் கொடுத்த அந்த உயரக் கட்டடத்தின் வாசலில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற கால்கள் அல்லவா? தலையைக் குனிந்தபடியே அதைக் கடந்து ட்ராம் ஏறினார்.

டெரிக்கின் தோட்டத்துக் கொட்டகை முழுக்கத் துவக்கு மரங்கள். ஒரு மூலையில் சோங்குகள் மட்டும் ஒரு குவியல். ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து குத்தியிருந்தது. நெட்டையனுக்கு ஒரு அளவு, குட்டையனுக்கு ஒரு அளவாம். டெரிக் இவருடைய கையைப் பிடித்து நீட்டிப் பார்த்துவிட்டு ஆகச் சின்னச் சோங்கைத் தூக்கிக் காட்டினார்.

"நீ பட்டாளத்தில் சேர்ந்திருந்தால் உனக்கு இதுதான் தந்திருப்பார்கள்."

'உந்த ஆபத்துக்குப் பயந்துதானே ஐயா இஞ்சை ஓடி வந்தனான்' என்று குலசேகரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

வால்நட் மரத்தில், நல்ல எண்ணெய்ப் பளபளப்போடு, ஒரு கீறல் இல்லாத முன்கட்டை கிடைத்தது. "அப்படியே கொண்டுபோய்ப் பூட்டாதே. பின்பக்கத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்தவேண்டும். அரை நாள் வேலை" என்று டெரிக் எச்சரித்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

திரும்பி வரும் ட்ராமில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் அந்த நீளப் பொட்டலத்தைப் பார்த்து, "தூண்டிலா?" என்று கேட்டார்.

"யெஸ்" என்றார் குலசேகரம்.

சொல்லிவிட்டு வெளியே பார்த்தால் அந்த உயரக் கட்டடம் நிற்கிறது. எந்தக் கட்டடத்துக்குப் 'பொய் சொல்லாதவர்' என்று கடிதம் போனதோ, அதன் வாசலில் ஒரு பச்சைப் பொய். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. ட்ராமை விட்டு இறங்கும்வரை பொட்டலத்தைக் காலுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

அது வியாழக்கிழமை. டொரீன் வீடு திரும்புவது சனிக்கிழமை. வெள்ளி முழுவதும் கையில் இருக்கிறது, போதாதா? வெள்ளி காலை குளித்துவிட்டு உளியை எடுக்கப் போனார். கருவிப் பெட்டியைக் காணவில்லை.

சாமியறையில் இருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், பிள்ளைகளின் பழைய புத்தகங்களுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்து, டொரீனின் துவக்கு. சோங்கில் மூன்று சந்தனப் பொட்டு, குழாய் வாயில் ஒரு செவ்வந்திப் பூ. பிளந்த கட்டைக்கும் புதுக் கட்டைக்கும் வஞ்சகமில்லாமல் ஆளுக்கொரு பொட்டு.

"நகுலா! உதென்ன வேலை?"

"இண்டைக்கு ஆயுத பூசை. லண்டனிலை எத்தினையோ தமிழ் வீட்டிலை கத்தரிக்கோலையும் லப்டொப்பையும் வைச்சுக் கும்பிடுகினம். உண்மையான ஆயுதம் இருக்கிறது எங்கடை வீட்டிலை மட்டும்தான். வைக்காமல் விடலாமோ?"

"எனக்கு உளி வேணும்."

"நாளைக்கு விஜயதசமி. நாளைக் காலமை எடுக்கலாம். வாணிக்கு முன்னாலை வைச்சதை இண்டைக்குத் தொடேலாது."

"வருசா வருசம் பின்னேரந்தானே வைக்கிறனீர்!"

நகுலேஸ்வரி அவரைத் திரும்பியும் பார்க்காமல் அவலுக்குச் சர்க்கரை போட்டுப் பிசைந்தாள்.

குலசேகரம் சாமியறை வாசலில் நின்று உளியைப் பார்த்தார், சரஸ்வதியைப் பார்த்தார். கை நீளவில்லை. ரயில் பட்டறையிலும் இந்த ஒரு நாள் லீவு கேட்டு வாங்கிய மனிதர் அல்லவா. சரி, நாளை விடியத் தொடங்கினாலும் மத்தியானத்துக்குள் முடிக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பியபோது வாசல் மணி அடித்தது.

டொரீன். நான்கு கால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பெட்டியோடு மகள். "மகளுக்கு நாளைக்கு ஷிப்டாம், அதனால் இன்றைக்கே வந்துவிட்டேன். திறப்பைத் தருகிறாயா, குலா? ஆஹா, என்ன வாசனை!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். மகள் பெட்டியோடு வாசலிலேயே நின்றாள். சாமியறைக் கதவு விரியத் திறந்திருந்தது.

டொரீன் பார்த்தார். விளக்கு, பூ, அவல், அப்பாவின் துவக்கு. சட்டத்தை நகர்த்தி நகர்த்திக் கிட்டப் போனார். பிளவைக் குனிந்து பார்த்தார்.

"முன்கட்டையைக் கழற்றாமல் போல்டை முறுக்கினாய், இல்லையா?"

குலசேகரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சோங்கு ஆடியதையும், கேளாமல் தொட்டதையும், வேலிக்கு மேலால் களவாகக் கொண்டுவந்ததையும், தெரியாமல் மாற்றிவிட நினைத்ததையும் சொன்னார். தூண்டில் பொய்யைக்கூட விடவில்லை. "நீங்கள் அந்தக் கடிதத்தில் அப்படி எழுதினீர்கள். நான் அதைக் கெடுத்துவிட்டேன்" என்று முடித்தார்.

டொரீன் நடைச்சட்டத்தை மெதுவாகத் திருப்பினார். பிறகு நகுலேஸ்வரி போட்ட கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதினேன் என்று தெரியுமா? உன்னை இரண்டு வருஷமாகத் தெரியும் என்று எழுதினேன். நீ பக்கத்து வீட்டுக்கு வந்து அப்போது பதினொரு நாள்தான் ஆகியிருந்தது."

"பதினொரு நாளா?"

"பதினொன்று."

"அப்படியென்றால், நான் பொய் சொன்னதில்லை என்று எழுதியது?"

"அது சத்தியமான உண்மை. பொய் சொல்ல உன்னிடம் இங்கிலீஷ் எங்கே இருந்தது? 'சொரி', 'தாங்க்யூ', இந்த இரண்டும்தானே!"

நகுலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குலசேகரம் திறந்த வாய் மூடாமல் நின்றார். முப்பத்துமூன்று வருஷம் தலைக்கு மேல் சுமந்த வரி!

"பிறகு ஏன் எழுதினீர்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

"நீ வந்த மூன்றாம் நாள் காலையில் ஜன்னலால் பார்த்தேன். என் வாசல் படலை ஆடிக்கொண்டிருந்தது, பல வருஷமாக. நீ வேலை தேடிப் போகிற வழியில் நின்று, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அதை ஆடாமல் இறுக்கிப் பூட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போய்விட்டாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது."

நகுலேஸ்வரி ஒரு கிண்ணத்தில் அவலைப் போட்டு டொரீனின் கையில் கொடுத்தாள். டொரீன் ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, புதுக் கட்டையை நாளைக்குப் பூட்டலாம், நானும் பக்கத்தில் இருப்பேன், எதை முதலில் கழற்றுவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்.

சாப்பிட்டு முடித்து எழும்பும்போது அவருடைய நடைச்சட்டத்தின் ஒரு கால் 'டக் டக்' என்று ஆடியது. திருகாணி ஒன்று கழன்றிருக்கிறது. குலசேகரத்தின் கண் அங்கே போனது, கை கருவிப் பெட்டிப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது.

"டொரீன்," என்றார், வாழ்க்கையில் முதல்முறையாக, "அதை நான் பூட்டலாமா?"

"பூட்டு, குலா."

"நாளைக்கு!" என்றாள் நகுலேஸ்வரி.