விழாத வார்டு

எங்கள் வார்டின் வாசலில் ஒரு பலகை உண்டு. நோயாளிகள் யாரும் கீழே விழாத நாட்களைக் காலைதோறும் நர்ஸ்கள் நாங்கள் அதில் கூட்டி எழுதுவோம். ஒருவர் விழுந்தாலும் பூஜ்யம். ஆரம்பத்தில் நல்ல யோசனைதான். கழிவறையில் பிடிகம்பி வந்தது, தரையின் ஈரம் உடனுக்குடன் துடைக்கப்பட்டது. நானும்தான் கை தட்டினேன். அப்படியும் எண் அடிக்கடி பூஜ்யத்துக்கு இறங்கியது. பிறகு யாருக்கோ ஞானம் பிறந்தது: நடக்காதவன் விழமாட்டான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பி ஏறியது. நாற்காலிக்கு அலாரம் வந்தது. நோயாளி எழ முயன்றால் அது அலறும். நாங்கள் ஓடிப்போய் உட்கார வைப்போம்.

டிரைவர் ஐயா அந்தச் சமயத்தில்தான் நிமோனியாவோடு வந்து சேர்ந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காய்ச்சல் விட்டும் காலில் வலு இல்லை. மகள் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. படியேற முடிந்தால் மகள் வீடு, முடியாவிட்டால் முதியோர் இல்லம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் அலாரத்தை அணைத்துவிட்டு அவரை நடக்க வைப்பேன்.

"என்ன ஐயா, வண்டி கிளம்புமா?"

"இன்ஜின் நல்லாத்தாம்மா இருக்கு. டயர்தான் தேஞ்சு போச்சு."

தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல் வரை போக ஆரம்பித்திருந்தார். ஒருநாள் முழங்கால் மடங்கியது. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடி அணைத்துப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார வைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் விதிப்படி, உடம்பு தரையைத் தொட்டால் அது விழுந்த கணக்கு.

தர மேம்பாட்டைக் கவனிக்கும் அக்கா கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் நர்ஸ்தான்.

"நல்லாதானே போயிட்டிருந்துச்சு, உனக்கு ஏன் இந்த வேலை?"

"நடக்க விடலன்னா அவருக்குக் கால் போயிடும்க்கா."

"அது பிசியோதெரபிஸ்ட் வேலை."

"அவர் எப்பவாவதுதானே எட்டிப் பாக்குறாரு. எத்தனை பேரை நடக்க வச்சோம்னும் ஒரு பலகை வைங்களேன்."

"அதை யாரும் கேக்கலையே" என்றார், எரிச்சலே இல்லாமல். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே என்னை எதிர்ப்பக்கப் படுக்கைகளுக்கு மாற்றினார்கள். உடன் வேலை செய்பவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூஜ்யம் வந்ததற்கு அவர்களும் திட்டு வாங்கியிருந்தார்கள். மாதாந்தரக் கூட்டத்தில் கரடியாய்க் கத்திப் பார்த்தேன். "நல்ல கருத்து, அடுத்த கூட்டத்துல பேசலாம்" என்றார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் டிரைவர் ஐயாவின் அலாரம் அலறும். நடக்கும் நேரம் என்று எழுந்திருப்பார். யாராவது ஓடிப்போய் அவரை அமுக்குவார்கள். சில நாட்கள் கழித்து அலாரம் அடங்கிவிட்டது. "அப்பாடா, பழகிட்டாரு" என்றாள் பக்கத்தில் இருந்த நர்ஸ்.

வீட்டுக்கு அனுப்பும் முன் படியேறச் சொல்லிப் பார்த்தார்கள். முதல் படிக்கே கால் எழவில்லை. முதியோர் இல்லத்து வண்டி வந்தது. சக்கர நாற்காலியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்ல இருந்திருந்தா எங்கயாவது விழுந்திருப்பாரு சிஸ்டர். நீங்க எல்லாரும் அவ்வளவு பத்திரமா பாத்துக்கிட்டீங்க."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"பத்திரமாவாம்மா? ஒரு அடி எடுத்து வைக்க விடல நாங்க."

மகளின் கண் கலங்கியது. என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அதுக்குத்தான் சிஸ்டர் நன்றி சொல்றேன்."