லூயிஸ் அலியை வீழ்த்திய சண்டை

மலைக்குப் பொய் சொல்ல வராது. கட்டுக்காரனுடைய பயம் அங்கேதான் ஆரம்பித்தது.

மலை என்பது ஆளைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர். ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன், வாசலில் வந்து நின்றால் அறைக்குள் வெளிச்சம் குறையும். கட்டுக்காரன் அவனுடைய மனைவிக்கு அண்ணன். டயர் கடைக்குப் பின்னால் இருந்த பயிற்சிக்கூடத்தில் குத்துச்சண்டைக்காரர்களுக்குக் கைக்கட்டுப் போடுவதும், புருவம் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்துவதும் அவன் வேலை. மலையின் கையைக் கட்டிக் கட்டித்தான் இருவருக்கும் சிநேகம் வளர்ந்தது. தங்கைக்குச் சம்பந்தம் பேசியதே அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைக்கட்டு அவசரத்தில் முடிகிற காரியம் இல்லை. விரல் விரலாகத் துணியைச் சுற்றி வர வேண்டும். அந்த நேரத்தைப் போக்க அங்கே ஒரு விளையாட்டு உண்டு. வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை மோதவிட்டுப் பார்ப்பது. பன்னிரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பட்டத்தைக் கையிலேயே வைத்திருந்த ஜோ லூயிஸ்தான் மலைக்கு உயிர். கட்டுக்காரன் முகமது அலி கட்சி. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற மார்சியானோவைப் பயிற்சியாளர், அதாவது எல்லாருக்கும் வாத்தியார், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அலி முதன்முதலாகக் கிளவுஸ் மாட்டுவதற்கு முன்பே லூயிஸ் ரிங்கை விட்டு இறங்கியாகிவிட்டது. இரண்டு பேரும் மோத வழியே கிடையாது. அதனால் என்ன, வாய் இருக்கிறதே? யார் யாரை எந்த ரவுண்டில் சாய்ப்பார் என்று தொண்டைத் தண்ணீர் வற்றுகிற மட்டும் கத்துவார்கள். கட்டு முடிந்தால் சண்டையும் முடிந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அலியின் கால் வேகத்துக்கு லூயிஸால் ஈடுகொடுக்க முடியாது என்று கட்டுக்காரன் அளந்துகொண்டிருந்தான். மலை நிதானமாகச் சொன்னான்.

"எதுக்கு இவ்ளோ பேச்சு? எட்டாவது ரவுண்டுல லூயிஸ் அடிச்சு அலி விழுந்ததை நான்தான் பார்த்தேனே. எங்க அப்பா தோள் மேல உக்காந்து பார்த்தேன்."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. இத்தனை வருட விளையாட்டில் இப்படி ஒரு போடு யாரும் போட்டதில்லை, இதற்கு மேல் என்னத்தைப் பேசுவது என்று வாத்தியார் மலையின் முதுகில் தட்டினார். கட்டுக்காரனும் வயிறு வலிக்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், மலை சிரிக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது என்பதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் கட்டுக்காரன் மெதுவாக வாயைக் கிளறினான். நல்ல கதை விட்டாய் என்றான். மலைக்கு முகம் சிவந்துவிட்டது.

"கதையா? நீயும்தான் கூட இருந்த மச்சான். மழை வந்துச்சு, உன் சட்டையைக் கழட்டி என் தலைல போட்ட. மறந்துட்டியா?"

கட்டுக்காரன் திரும்பி அவன் முகத்தையே பார்த்தான். மலை சின்னப் பையனாக அப்பா தோளில் ஏறிய காலத்தில் இவன் யாரோ, அவன் யாரோ. லூயிஸ் செத்தே எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் மலையின் கண்ணில் கள்ளம் இல்லை. பார்த்ததைச் சொல்கிறவனின் கண் அது.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து ஆளைப் பிடுங்கித் தின்றது. போன சண்டையில் காதுக்குப் பின்னால் பலமாக வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த மலை, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். வேலை முடிந்து பழைய வாடகை வீட்டுக் கதவைப் போய்த் தட்டிவிட்டு வந்தாராம், அந்த வீட்டு மேல இன்னும் ஆசை போகலை என்று தங்கை கேலி செய்தாள். அதற்கும் சிரித்தார்கள். அத்தனை சிரிப்பிலும் தன் சிரிப்பும் இருந்ததே என்று கட்டுக்காரன் தன்னையே நொந்துகொண்டான். சனிக்கிழமை மலைக்குப் பட்டத்துக்கான சண்டை. எதிராளி இளவட்டம், தலையைக் குறிவைத்தே அடிக்கிறவன். இந்தத் தலை இன்னும் எத்தனை அடி தாங்கும்?

வாத்தியாரிடம் போய்ச் சொன்னான். அவர் காது கொடுத்துக் கேட்டால்தானே. விளையாட்டில் தோற்றுப்போன எரிச்சல் உனக்கு, மலை உன் காதில் பூ சுற்றியிருக்கிறான், நீயும் அதை நம்பிக்கொண்டு வந்து நிற்கிறாய் என்றார். ஃபோர்மேன் நாற்பத்தைந்து வயதில் மறுபடி பட்டம் வாங்கவில்லையா, இவனுக்கு முப்பத்தெட்டுதானே என்று அதற்கும் ஒரு சாம்பியனை இழுத்தார். தங்கையிடம் சொல்ல வீடு வரை போனான். நீ பக்கத்துல இருக்கற தைரியத்துலதான் அவரை அனுப்பறேன் அண்ணா என்று அவளே முந்திக்கொண்டாள். இவன் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினான்.

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கத்தின் உடைமாற்றும் அறை. டாக்டர் வந்து மலையின் கண்ணில் டார்ச் அடித்தார், நாடி பார்த்தார். லூயிஸும் அலியும் மோதிய கதையை மலை அவருக்கும் சொன்னான். நல்ல ஆள்தான் போங்கள் என்று சிரித்தபடியே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

வலது கையைக் கட்டி முடித்தான். வெளியே கூட்டம் காலால் தரையை உதைக்கிற சத்தம் சுவர் வழியாக வந்தது. இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேறு யார் காதிலும் விழாமல் கேட்டான்.

"மச்சான், இன்னிக்கு யார் கூடச் சண்டை?"

மலை யோசித்தான். நெற்றி சுருங்கியது. பிறகு அந்தப் பெரிய தலையைக் குனிந்து இவன் காதருகே கொண்டுவந்தான்.

"எது நடந்தது, எது நாம பேசினதுன்னு எனக்குப் புரியல மச்சான். பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத. நீ யாரைக் கை காட்டுறியோ அந்த ஆளை அடிக்கிறேன்."

எதிராளி வந்தாயிற்று, நேரமாகிறது என்று வாத்தியார் கதவுப் பக்கமிருந்து சத்தம் போட்டார். கட்டுக்காரன் கத்தரிக்கோலை எடுத்தான். கட்டி முடித்த வலது கையின் துணிக்குள் அதை நுழைத்து, மணிக்கட்டிலிருந்து விரல் வரை வெட்டிவிட்டான்.

வாத்தியார் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். பைத்தியமா உனக்கு, அவன் பிழைப்பைக் கெடுக்கிறாயே என்று கத்தினார். இவன் ரிங்கில் ஏற மாட்டான் என்று கட்டுக்காரன் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பட்டத்துக்காக இத்தனை வருடம் காத்திருந்தவன் மலை. அந்தக் கையால் ஒன்று விட்டால் எழுந்திருக்க முடியாது என்று கட்டுக்காரனுக்குத் தெரியும்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், மலை வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் குத்துச்சண்டைக்காரனுக்கும் சண்டை முடிந்த பிறகுதான் கட்டை வெட்டுவார்கள். மலையின் தோள் தளர்ந்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டு, முகமெல்லாம் மலர இவனைப் பார்த்தான்.

"யாரு மச்சான் ஜெயிச்சா?"

வாத்தியாரின் கை சட்டையிலிருந்து தானாக விலகியது. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"நீதான்" என்றான் கட்டுக்காரன்.