பெட்ரோல் சைபர்

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் மகன் நூருல்லா டூர் போகிற வழியைக் கோடு போட்டு வைத்திருந்தான். ஓசூர், மைசூர், குண்டல்பேட்டை, ஊட்டி, மேட்டுப்பாளையம், கொடைக்கானல். ஏரி இருக்கிற ஊருக்கெல்லாம் நீல மையில் ஒரு வட்டம். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர்ப் பேரும் எண்ணும் படிப்பேன், லாரிக்காரனுக்கு அது போதும். ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை லிட்டர் என்று எழுதிக்கொண்டே வந்தவன், ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு சைபர் போட்டிருந்தான்.

"இது என்னடா?"

"மொத்தமும் இறக்கம்தானே அத்தா. நியூட்ரல்ல உட்டா அதுவா போவுது. நீங்க சொன்னதுதான்."

நான் சொன்னதுதான். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடித்த கதையைப் பெருநாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் தாடியைத் தடவிக்கொண்டு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இவன் அப்போது தூணைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டதை மறக்கவில்லை.

டூருக்கு எடுக்கிற வண்டி, மூக்கண்டப்பள்ளியில் அவன் வேலை செய்கிற கம்பெனி ஏலத்தில் விட்டபோது அவன் வாங்கின அம்பாசிடர். கை பிரேக் பிடிக்காது. வாசலில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாச்சு என்றான் மெக்கானிக். பார்த்திருக்க மாட்டான். எவனும் பார்ப்பதில்லை, பார்த்தேன் என்றுதான் சொல்வான். எனக்குத் தெரியாதா, நானும் அப்படிச் சொன்னவன்தானே.

"நியூட்ரல் வேணாம். ஏறுன கியர்லயே இறங்கணும்" என்றேன்.

"அப்ப ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க."

மருமகள் தில்ஷாத் முறத்தைத் தட்டியபடி சிரித்தாள். "மாமாவுக்குக் குடிக்கிற தண்ணி மேலயே சந்தேகம். ஊட்டி ஏரியில படகுல ஏறுனா அடியில ஓட்டை இருக்கான்னு தடவிப் பாப்பாரு."

ராஜப்பனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நூருல்லாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன். அவனும் அவன் பெண்டாட்டியும் எங்களோடு வருவதாகப் பேச்சு. அவன் சொன்னான்: "எங்கப்பன் மாதிரி தூங்காம ஓட்டுனாப் போதும் மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் காலண்டர் தாளை மடித்து வைத்தேன்.

இவன் அப்பன் கங்கப்பன் நான் ஓட்டின லாரியில் இரண்டாவது டிரைவர். ராயக்கோட்டை தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு இறங்குகிற ரோட்டில் வண்டி கவிழ்ந்து செத்தான். அப்போது ராஜப்பனுக்கு ஏழு வயசு. போலீஸிடமும் ஓனரிடமும் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன்: கங்கப்பன் ஓட்டினான், கண் அசந்துவிட்டான். செத்தவன் இல்லை என்று வந்து சொல்லவா போகிறான்? ஸ்டியரிங் என் கையில் இருந்தது. நியூட்ரலில் விட்டவன் நான். இரண்டாவது வளைவில் பிரேக் சூட்டில் காய்ந்து, மிதிக்க மிதிக்கப் பெடல் சும்மா உள்ளே போனது. கியரைத் தள்ளினேன், விழவில்லை. காடா விளக்குப் பிடித்துக்கொண்டு பிணத்தை எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி மாரம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "நம்பிக் குடுத்த வண்டிய இப்படிப் பண்ணிட்டாரே பாய், மனசுல வெச்சுக்காதீங்க" என்று கும்பிட்டாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை இன்னும் என் கழுத்து மறக்கவில்லை.

ஊட்டிக்கு முன்னால் ஒரு தடவை வண்டியைச் சோதித்துவிடலாம், கிருஷ்ணகிரி டேம் வரை போய் வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். எந்த வழியாக என்று கேட்டேன். ராயக்கோட்டை வழியாக, இறக்கம் பழகின மாதிரியும் ஆச்சு என்றான் நூருல்லா. பெண்கள் வரவில்லை. நான் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். ராஜப்பன் பின்னால்.

ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஊர்ந்து வெளியே வந்தோம். கோட்டை மலை பின்னால் போனது. மேட்டு முனையில் நூருல்லா கியர் தடியை நடுவுக்குத் தட்டினான். எஞ்சின் சத்தம் தேய்ந்தது. அந்த அமைதியை நான் இருபது வருஷமாகக் கேட்கவில்லை. டயர் தேய்கிற சத்தமும் காற்றும்தான். ஜன்னலில் புளிய மரங்கள் முதலில் தனித்தனியாகப் போயின, அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"பாத்தீங்களா அத்தா, வெண்ணெ மாதிரி போவுது."

"கியர்ல போடுடா."

"சும்மா பயப்படாதீங்க."

முள் ஐம்பதைத் தாண்டி அறுபதுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் வளைவில் அவன் பிரேக்கை அழுத்தினான். பிடித்தது. ஆனால் அந்த வாசனை வந்துவிட்டது, கருகின வாசனை. அது அவன் மூக்குக்குத் தெரியாது. என் கை கதவுப் பிடியைத் தேடிப் போயிருந்தது. அன்றைக்கும் அங்கேதான் போனது. கண்ணாடியில் ராஜப்பன் தெரிந்தான், தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு.

"ராஜப்பா, எந்திரி! முழிச்சுக்கடா!" என்று கத்தினேன்.

அவன் திடுக்கிட்டு முன்னால் வந்தான். "என்னங்க மாமா?"

"உங்கப்பன் ஓட்டலடா. நான்தான் ஓட்டுனேன். இதே மாதிரி நியூட்ரல்ல. அவன் பக்கத்துல தூங்கிட்டிருந்தான். எழுப்பாம நான் மட்டும் குதிச்சுட்டேன்."

நூருல்லா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மிதித்தான், விட்டான், திரும்ப மிதித்தான். கியர் இரண்டு தடவை கறகறத்து மூன்றாவதில் விழுந்தது. எஞ்சின் அலறியது. வண்டி குலுங்கி, இரண்டாவது வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரச் சரளையில் போய் நின்றது. நின்ற பிறகும் மெதுவாக முன்னால் நகர்ந்தது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

பின் கதவு திறந்தது. ராஜப்பன் இறங்கி ரோட்டோரமாக நடந்தான். அவன் ஊருக்குத் திரும்பி நடக்கிறான் என்று நினைத்தேன். பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து ஒரு பெரிய கல்லைப் பெயர்த்தான். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் பக்கத்து ஜன்னலை நோக்கி வந்தான். நான் கண்ணாடியை ஏற்றவில்லை. ஏற்றக் கை வரவில்லை.

அவன் என்னைத் தாண்டிப் போய் முன் சக்கரத்துக்கு அடியில் அதைக் கொடுத்தான். கல் சரளையில் அழுந்துகிற சத்தம் கேட்டது. நூருல்லா பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி நகரவில்லை. ராஜப்பன் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், குனிந்தபடியே இருந்தான், கல்லின் மேல் வைத்த கையை எடுக்காமல்.