வளைவில் எழுந்த இறக்கை

ஊசியும் அவள் கணவரும் பள்ளித்தோழியின் வீட்டில் வந்து இறங்கிய மறுநாளே நால்வரும் காரில் சுற்றிப்பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஊசி என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். இப்போது நன்றாகச் சதை போட்டிருந்தாள். பெயர்தான் இளைத்தபடியே நின்றுவிட்டது. அவள் கணவர் சரக்குக் கப்பலில் என்ஜினியர், பாதி உலகத்தைப் பார்த்தவர். அவருக்கு எதைக் காட்டி அசத்துவது என்று, பார்லர் நடத்தும் தோழி ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர்தான் அருவி, மலைமுனை, ஏரி என்று பாதை போட்டு வைத்திருந்தார்.

அருவி, சளி பிடித்த மூக்குபோல ஒழுகிக்கொண்டிருந்தது. கப்பல்காரர் மரியாதைக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டார். வேன்காரருக்கு முகம் செத்துவிட்டது.

மலைக்குத் திரும்பும் சிற்றூரில் ஒரு காவலர் காரை ஓரங்கட்டச் சொன்னார். பெரிய வண்டி ஒன்று வருகிறதாம், அது போகும்வரை யாரும் நகர முடியாதாம். வேன்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

முதலில் மஞ்சள் விளக்கு சுழலும் ஜீப் வந்தது. அதன் பின்னால் லாரி. லாரியின் முதுகிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று பின்பக்கமாக நீண்டுகொண்டே போனது. காற்றாலையின் ஒற்றை இறக்கை. லாரி தெருவுக்குள் வந்து நின்றுவிட்டது. இறக்கையின் நுனி இன்னும் ஊருக்கு வெளியே, வயலுக்கு மேலே இருந்தது.

தெரு முடிவில் வளைவு. வளைவை ஒட்டி ஒரு மாடிவீடு. இது எப்படித் திரும்பும் என்று பார்லர்காரி கேட்டாள். கழுத்தில் ஒரு ரிமோட் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒரு பெண் லாரிக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தாள். இறக்கையை நிமிர்த்துவது அவள் வேலை என்று காவலர் சொன்னார். நிமிர்த்தினால்தான் வீட்டுக்கு மேலாகத் திருப்ப முடியும், ஆனால் காற்று அடங்க வேண்டும்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கீழே இறங்கச் சொன்னார்கள். அவள் காலி வாளியோடு தெருவுக்கு வந்து நின்றாள். கொடியில் ஒரு போர்வை படபடத்தது. பெட்டிக்காரி கையிலிருந்த காற்றுமானியைப் பார்த்தாள். தெருவே அந்தப் போர்வையைப் பார்த்தது. அது உப்பும், தொய்யும், மறுபடி உப்பும். கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். போர்வை ஒருவழியாகத் தொங்கி நின்றது.

பெட்டிக்காரி விரலை அசைத்தாள். வயலுக்கு மேலிருந்த நுனி மெல்லக் கிளம்பியது. சத்தமே இல்லை, எங்கோ எண்ணெய் ஓடும் மெல்லிய முனகல் மட்டும். கூரைகளைத் தாண்டியது, மரங்களைத் தாண்டியது, இன்னும் எழுந்தது. ஊசி அண்ணாந்து பார்த்தாள். தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இறக்கையின் நிழல் தெருவைக் கடந்தபோது, வெயிலில் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தது.

லாரி அங்குலம் அங்குலமாகத் திரும்பியது. கொடியில் கிடந்த துணிகளுக்கு மேலே, வானத்தையே துடைப்பதுபோல அந்த வெள்ளை நகர்ந்தது. ஒரு துணிகூட அசையவில்லை.

வளைவு முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. வாளிக்காரி மட்டும், "என் வீட்டு மேலயா போச்சு இது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

கப்பல்காரரின் கையில் போன் இருந்தது. படம் எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"இதைவிடப் பெருசெல்லாம் தினமும் பாக்கிறவர்தானே நீங்க," என்றாள் ஊசி.

"கடல்ல எல்லாமே பெருசுடி. அங்க பெருசுன்னு ஒண்ணு தெரியாது." அவர் கொடியைக் காட்டினார். "இங்க துணி காயுது, நாய் படுத்திருக்கு. அது நடுவுல இது எழுந்திரிக்குது."

வளைவைத் தாண்டி நின்ற லாரியின் ஓட்டுநரிடம் வேன்காரர் ஓடினார். தினமும் வண்டி ஓட்டுகிற மனிதர். கேட்க எவ்வளவோ இருந்தது. பக்கத்தில் போனதும் கையை மட்டும் நீட்டினார். ஓட்டுநர் வேர்த்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு குலுக்கினார்.

திரும்பி வந்தவர், "மலைமுனைக்குப் போலாமா?" என்று கேட்டார், கேட்க வேண்டுமே என்று.

"அது பின்னாடியே போலாம்ண்ணா," என்றாள் ஊசி.

மலையேறும் வழியெல்லாம் நடக்கும் வேகத்தில் அதன் பின்னால் போனார்கள். உச்சியில் காற்றாலையின் கோபுரம் மட்டும் நின்றது. தரையில் வேறு இரண்டு இறக்கைகள் கிடந்தன. காவலாளி அனுமதித்ததும் தோழிகள் ஒரு இறக்கையின் அடியிலிருந்து அதைத் தடவிக்கொண்டே நடந்தார்கள். அடிப்பாகம் ஆளை விழுங்கும் குகைபோல் இருந்தது. பேசிப் பேசி நடந்தும் இறக்கை முடியவில்லை.

"இது சுத்தினா நம்ம ஊருக்கே வெளிச்சமாடி?" என்றாள் ஊசி.

"தெரியலடி. சுத்தும்போது வா, பாக்கலாம்."

நுனிக்கு வந்து சேர்ந்தார்கள். அது உள்ளங்கை அகலம்தான் இருந்தது. பார்லர்காரி அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். காற்றில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.