எலுமிச்சை வைத்த கத்தி

மைசூர் விஜயநகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதர்கள் செய்ய எத்தனையோ நல்ல காரியங்கள் இருக்கின்றன. கார் கழுவலாம், கறிக்கடை வரிசையில் நிற்கலாம், ஒன்றும் செய்யாமல் படுத்தும் கிடக்கலாம். உமாதேவி மட்டும் ஒரு கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்புவாள். "வெட்டிக் கூட்டம் கிளம்பிருச்சுங்கோ" என்பான் அவள் புருஷன் கிருஷ்ணராஜ். வாரா வாரம் சொல்லி வாரா வாரம் அவனே சிரித்துக்கொள்வான்.

கூட்டம் என்றால் மூன்றே பேர். மூவருக்கும் ஜப்பான் சமையல் கத்திமேல் பித்து. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தீபாவிடம் இருப்பது சாந்தோகு. காய், கறி, மீன் எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காத கத்தி. உமாவிடம் இருப்பது க்யூதோ. நீளம், கூர்முனை, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வெட்டலாம். மூத்தவரான மகேந்திரனிடம் நாகிரி. செவ்வகத் தகடு போல இருக்கும், வாய் நேர்கோடு, காய்கறிக்கென்றே பிறந்தது. எந்தக் கத்தி எந்த வேலைக்கு உசத்தி என்பதில் மூவரும் ஒத்துப்போன ஞாயிறு ஒன்றுகூட இல்லை.

"உங்க க்யூதோல பீன்ஸ் நறுக்குனா அடியில அறுபடாம தோரணமாட்டம் வரும்மா. நாகிரில ஒவ்வொன்னும் தனித்தனியா உதிரும்" என்பார் மகேந்திரன். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எஃகு எத்தனை கடினம், எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். அவர் விளக்குவார், தீபா தன் சாந்தோகுவால் வெட்டிக் காட்டுவாள். அதிலும் ஒரு வாக்கு அவருக்கு வேதம்: "அழ வெக்கறது வெங்காயம் இல்ல, மொண்ணைக் கத்தி. கூரான கத்தில ஒரு சொட்டுக் கண்ணீர் வராது."

அவருடைய நாகிரி கார்பன் எஃகு. கையால் அடித்தது. சொல்லி வைத்து ஒரு வருஷத்துக்குமேல் காத்திருந்து வாங்கியது. அதை மரப்பெட்டியிலிருந்து அவர் எடுக்கும்போது பக்கத்தில் பேசவே உமாவுக்குக் கூச்சமாக இருக்கும். இந்த ரகக் கத்தி வெட்ட வெட்ட நீலம் பாரிக்கும் என்று அவள் படித்திருந்தாள். அவருடையதோ முகம் பார்க்கும் கண்ணாடி. மனுஷன் என்னமாய்ப் பராமரிக்கிறார் என்று வியந்து போவாள்.

தசரா சமயத்தில் தீபாதான் தன் கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தாள். "வாயால கம்பேர் பண்ணது போதும் அங்கிள். ஒரு வாரம் கத்திய மாத்தி வெச்சுக்கலாம். ஆமேலே யாருது பெஸ்ட்னு சொல்லலாம்."

மகேந்திரன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. சீட்டுக் குலுக்கியதில் அவருடைய நாகிரி உமாவுக்கு விழுந்தது. "புளி ஆகாது. எலுமிச்சை ஆகாது. ஈரம் நிக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே கத்தியை மேஜைமேல் வைத்தார். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்பதால், அவர் கையை எடுத்த பிறகே அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆயுத பூஜை. அன்று காயெல்லாம் வீட்டிலிருந்த பழைய கத்தியில் நறுக்கியாகிவிட்டது. ஸ்கூட்டர், மிக்சி, கிருஷ்ணராஜின் லேப்டாப், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த உமா, நாகிரிக்கு மட்டும் தனியாக வாழையிலை போட்டாள். இரவல் பொருளுக்கு ஒரு பிடி மரியாதை கூடுதல் இல்லையா? தகட்டின் நடுவில் சந்தனம் குழைத்து வைத்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, அரைமூடியை அதன்மேல் கவிழ்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் விளக்கேற்ற வந்தபோதுதான் நினைவு வந்தது. எலுமிச்சை ஆகாது என்று நேற்றுத்தானே சொன்னார்! சமையல் எலுமிச்சை வேறு, சாமி எலுமிச்சை வேறு என்று அவள் மனசு அதுபாட்டுக்குப் பிரித்து வைத்திருந்தது.

"ஏனுங்க, இதை மட்டும் எடுத்துரட்டுமா?"

"பூசைல வெச்சதையா?" கிருஷ்ணராஜ் கண்ணை உருட்டினான். "நாளைக்குக் காலைல தேங்கா ஒடச்சுத்தான் எடுக்கோணும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். கௌதள்ளியில் அவள் பிறந்த வீட்டில் அன்றைக்கு மண்வெட்டியைக்கூட நகர்த்த மாட்டார்கள். கையில் துணியோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மகேந்திரனைவிடச் சாமி பெரியது என்று முடிவு செய்து, துணியை மடித்து வைத்துவிட்டாள்.

காலையில் தேங்காய் உடைந்த சத்தம் அடங்குமுன் எலுமிச்சையை எடுத்தாள். கண்ணாடி போன்ற தகட்டின் நடுவில் வட்டமாக ஒரு கருப்பு. அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துரு. சோடா மாவு போட்டுத் தேய்த்ததில் துரு போனது. கருப்பு அசையவில்லை. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. கத்தி போனால் இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம். அந்த மனுஷன் அவளை நம்பிக் கொடுத்த நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது? ஆபீசும் அடுப்படியும் தவிர அவளுக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் இதோடு சரி.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள், மூவருக்குமான வாட்ஸப் குழுவில் சும்மா கேட்பதுபோல ஒரு கேள்வி போட்டாள்: கார்பன் கத்தியில் கறை பட்டால் என்ன செய்வது?

அரை நிமிஷத்தில் மகேந்திரனின் பதில் வந்தது. 'கறைக்கு அஞ்சுகிறவர் கார்பன் எஃகை ஆளத் தகுதியற்றவர். கறை என்பது கத்தியின் வாழ்க்கை வரலாறு.' கீழே இரண்டு கும்பிடு.

அந்தச் செய்தியைப் பதினோரு தடவை படித்துத் தைரியம் ஏற்றிக்கொண்டு ஞாயிறு காலை வழக்கம்போல அவர் வீட்டுக்குப் போனாள். தீபா முன்னாலேயே வந்திருந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. துணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, தப்பு பண்ணிட்டனுங்க. பூசைல வெச்சு எலுமிச்சங்கா வெச்சுட்டேன். சாயங்காலமே தெரிஞ்சுருச்சு. ஆனா எடுக்கல."

மகேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வாழ்க்கை வரலாற்றை எழுதியவரின் முகம் வெளுத்துவிட்டது. தீபா சுவரைப் பார்த்தாள். உமாவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

காபியோடு வந்த அவர் மனைவி கமலம்மாள் எட்டிப் பார்த்தாள். "கறை புடிச்சிருச்சா? அப்பாடா!"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா உமா, இந்தக் கத்தி ஒரு பீன்ஸாவது பாத்திருக்கும்னு நெனச்சயா? வந்த நாள்லருந்து எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி, துணி போத்தித் தூங்க வெக்கறாரு. ஒரு கத்திரிக்கா அரியுங்களேன்னா, நல்ல நாள் வரட்டும்பாரு. ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆகுமா? நான் பொழுதுக்கும் தசரா பொருட்காட்சில வாங்குன மஞ்சப் புடி கத்திலதான் நறுக்கறேன்!"

"ஹௌதா அங்கிள், நெஜமாவா?" தீபாவின் வாய் மூடவே இல்லை. "ஒரு தடவகூட வெட்டலயா?"

மகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவன் செஞ்சதுல கீறல் தேடுனவன்ம்மா நான். எத்தனையோ நல்ல சாமானை வேண்டாம்னு தள்ளியிருக்கேன். இதுல முதல் கீறல் என் கையால விழுந்துருமோன்னு பயம். அதான் தொடல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

உமாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஐந்து நாள் சோறு இறங்காமல் கிடந்தவள் அவள். ஆனால் அவளுக்குப் பொங்கியது பாசம்தான். "அண்ணா, கறை வந்தது என்னிக்குனு பாத்தீங்களா? எடுத்தப்ப விஜயதசமிங்க. எதைத் தொடங்குனாலும் நல்ல நாளு."

அவர் அந்தக் கருப்பு வட்டத்தை விரலால் தடவினார். அரித்திருக்கிறதா என்று ஓரம் பார்த்தார், முனை பார்த்தார். பழைய அதிகாரி உள்ளே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்துவிட்டுப் போனது நன்றாகவே தெரிந்தது.

"கமலம், டிபன் உப்பிட்டுக்கு இன்னும் வெங்காயம் நறுக்கலயே?"

"இல்லீங்க."

"கொண்டா."

பலகை வந்தது. வெங்காயம் வந்தது. மற்ற இருவருக்கும் குருவான மகேந்திரன் ஒரு துண்டு தடியும் ஒரு துண்டு தாளுமாக நறுக்கினார். நாகிரி மட்டும் என்னவோ பிறந்ததிலிருந்து இதே வேலையாக இருந்ததுபோலப் பலகையில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வெங்காயத்தில் அவர் கண் கலங்கியது. முக்கால் வெங்காயத்தில் கன்னத்தில் வழிந்தது.

தீபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உமா அவள் காலை மிதித்தாள். கமலம்மாள் காலை மிதிக்க யார் இருக்கிறார்கள்?

"கூரான கத்தி அழ வெக்காதுன்னீங்க?"

மகேந்திரன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொரு வெங்காயம் எடு" என்றார்.