கரும்புக்குள் ஒரு வளைவு

வில்லியனூரில் சுகன்யா வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். பண்டசோழநல்லூரில் வீட்டோடு இருந்த மதியங்களில் அவள் போனில் ஆன்லைன் படிப்பு தேடினாள். டேலி கணக்கு, கேக், அழகுக்கலை, முப்பது நாளில் ஆங்கிலம். எதைத் திறந்தாலும் யாராவது வேகமாகப் பேசினார்கள். ஒன்றில் மட்டும் பேச்சே இல்லை. வானத்திலிருந்து படம் எடுத்த வயல்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபடம் போடும் படிப்பு. எட்டு வாரம், இலவசம், பாடம் தமிழில். அன்றே சேர்ந்தாள்.

ஆறாவது வாரம், சொந்த ஊரை வரையச் சொன்னார்கள். மகளின் லேப்டாப்பில் தெருக்களை வரைந்தாள், குளத்தை வரைந்தாள். ஊருக்குக் கிழக்கே கரும்புக்குள் ஒரு கரும்பச்சை வளைவு தெரிந்தது. வரப்புகளைச் சட்டை செய்யாமல் அது நெளிந்து போயிற்று. அழுக்கென்று திரையைத் துடைத்தாள். போகவில்லை. முந்தைய வருடத்துப் படத்திலும் இருந்தது, அதற்கு முந்தையதிலும். அதை விரலால் தொடர்ந்தபடியே சில மதியங்களில் தூங்கிப்போனாள். தூக்கத்திலும் அதன்மேல் நடந்தாள்.

டிராக்டர் ஓட்டும் அவள் கணவன் புகழேந்தியிடம் ஒரு காலையில் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"அங்கதான்டி டயரு எறங்கும்," என்றான். "இங்கயும்தான். தனித்தனி பள்ளம்னு நெனச்சிகினு இருந்தேன். எல்லாம் ஒண்ணா இது?"

கரும்பு வெட்டி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதன் வழியே நடந்தார்கள். போனைப் பார்த்து அவள் திரும்பிய இடத்திலெல்லாம் மண் காலுக்கு மெத்தென்றிருந்தது. புகழேந்தி ஓரிடத்தில் குனிந்து தோண்டினான். ஒரு முழத்துக்குக் கீழே ஆற்றுமணல் வந்தது. அவன் அதை அவள் கையில் வைத்தான். ஈரமாக இருந்தது.

அவள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்து, எப்போதோ ஓடிய ஓடை என்று படிப்பு நடத்தியவர்கள் எழுதினார்கள். சான்றிதழ் வந்தது. கடலூரில் ஒரு சர்வே அலுவலகம் வீட்டிலிருந்தே செய்யும்படி வரைபட வேலை கொடுத்தது. புகழேந்தி அந்தக் கரும்பு நிலத்துக்காரரிடம் அவள் வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டி, அந்த வளைவில் மட்டும் கரும்பு நடாமல் வாய்க்காலாக விடச் சொன்னான். அவரும் சரியென்றார்.

கார்த்திகையில் மழை பிடித்த இரண்டாம் நாள், தண்ணீர் யாரும் வழிகாட்டாமல் அந்த வளைவில் ஓடியது. சுகன்யா குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நெடுநேரம் நின்றாள்.