மருந்துச் சட்டை

“மெதுவாண்ணா, தையல் விட்டுடும்” என்றாள் தங்கை.

அப்பாவின் விறைத்த கை சட்டைக்குள் போக மறுத்தது. பெரியவன் தோளைத் தூக்கிப் பிடிக்க, அவள் கைப்பக்கத்தை இழுத்தாள். வெளுத்த நீலச் சட்டை. காலரில் எத்தனை துவைத்தும் போகாத சிமெண்டுக் கறை.

“மூணுல இதுதான் பாக்கற மாதிரி இருக்கு. மருந்துச் சட்டை” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கொத்து வேலை பார்த்த அப்பாவுக்குச் சுவரில் மூன்று ஆணி, மூன்று சட்டை. பெட்டி, வங்கி எல்லாம் அவைதான். கூலி வந்த கையோடு பிரித்துப் போடுவார். வெள்ளைச் சட்டைப் பையில் வாடகை, கட்டம் போட்டதில் அரிசி, நீலத்தில் மருந்து. பையின் வாயில் ஊக்கு. ஒருமுறை அவசரத்தில் வெள்ளையை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். “வாடகையைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்யா” என்று, சாப்பிட்டு எழும்வரை இடது கையால் நெஞ்சைப் பொத்தியபடியே இருந்தாராம்.

பெரியவன் மின்வேலைக்காரன். புதுசாக எது வந்தாலும் முதலில் கை வைக்கிறவன். “காலம் எங்கேயோ போயிடுச்சு, நீங்க இன்னும் ஊக்கு குத்திக்கிட்டு” என்று பைகளைக் காலி செய்து, பணத்தை வங்கியில் போட்டு, அப்பாவின் போனில், பணம் கட்டுவதோடு கணக்கும் வைக்கிற ஒரு வரவுசெலவுச் செயலியை ஏற்றி, அதைத் தன் போனிலும் இணைத்துக்கொண்டான். அதிலும் வாடகை, அரிசி, மருந்து என்று மூன்றே பிரிவு. ஒவ்வொன்றுக்கும் மாத வரம்பு. அப்பா எழுத்துக்கூட்டித் திணற வேண்டாமென்று, வாய்விட்டுச் சொல்லும்படி வைத்தான். காது மந்தமாயிற்றே என்று உரக்க வைத்தான்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாராண்ணா?” காலையில்தான் வெளியூரிலிருந்து வந்திருந்தாள் தங்கை.

“ம். நான்தான் என் போன்ல பாத்துக்கிட்டே இருந்தேனே.”

பார்த்தான்தான். நிறத்தை மட்டும் பார்ப்பான். பச்சை என்றால் செலவு வரம்புக்குள், நிம்மதி. போன வாரம்கூட, “மருந்து பச்சையிலேயே நிக்குது, கெட்டிக்காரர்ப்பா நீங்க” என்று சொன்னான். அப்பா சிரித்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

வாசலில் மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெரியவன் எழுந்து போனான்.

“ரெண்டு மாசமா கடைப்பக்கமே வரலையே, பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கார்னு நெனச்சேன்” என்றார் அவர்.

“ரெண்டு மாசமாவா?”

“டாக்டர் மாத்திரையை மாத்திட்டார்ல, வெலை கூட. போன்ல பணம் போட்டதும் அது ‘மருந்து வரம்பு தாண்டிவிட்டது, செலவைக் குறைக்கவும்’னு கத்துச்சு தம்பி. கடையில கூட்டம். ‘பெருசு, வீட்டுல மாட்டினீங்க’ன்னு எவனோ சொல்ல, எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும்தான்.” குரலைத் தாழ்த்தினார். “மாத்திரையைத் திருப்பி வச்சுட்டு, பணத்தைப் போன்லயே திரும்பப் போட வச்சுட்டுப் போயிட்டார். பையன் ஏதாவது சொல்லுவான்னாரு.”

பெரியவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். தங்கை அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. அந்த மட்டில் நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே காதைச் சுட்டது.

அமரர் வண்டி வந்தது. ஓட்டுநர் வாடகையை முதலிலேயே கேட்டார்.

“பணமா கொடுத்தா நல்லதுண்ணே. இல்லன்னா போன்லயே போட்டுடுங்க.”

கையில் அவ்வளவு பணமில்லை. அவனுடைய போன் காலையிலேயே அணைந்திருந்தது. அலமாரியிலிருந்து அப்பாவின் போனை எடுத்தான். தொகையைத் தட்டினான்.

“எந்தச் செலவு?” என்று போன் உரக்கக் கேட்டது.

சுற்றியிருந்தவர்களின் அழுகை நின்றது. ஒலியைக் குறைக்கத் தேடினான். எங்கே வைத்தோம் என்று அவனுக்கே பிடிபடவில்லை.

“எந்தச் செலவு?”

அவன் போட்டுக்கொடுத்த அந்த மூன்றுதான் இருந்தன. வாடகையிலும் அரிசியிலும் ஒன்றுமில்லை. மருந்தை அழுத்தினான்.

“மருந்து வரம்புக்குள் உள்ளது. இரண்டு மாதத் தொகை மிச்சம். அருமை!”

தங்கையின் கையில் சீப்பு நின்றது. அண்ணனையே பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தேடுபவர்போலக் குனிந்துகொண்டார்.

“தூக்கலாமாண்ணே?” என்றார் ஓட்டுநர்.

“கொஞ்சம் இருங்க.”

பெரியவன் மண்டியிட்டான். நீலச் சட்டையின் பை வாய் திறந்து கிடந்தது. ஓரத்தில் அந்தப் பழைய ஊக்கு. துருவேறி, துணிக்குள் போகாமல் வழுக்கியது. நெஞ்சில் பட்டுவிடாதபடி விரலை உள்ளே கொடுத்து, காலிப் பையை மெல்லக் குத்தி மூடினான்.